மூன்றாம் நபரின் சம்மதம்

காலை ஏழு மணிக்குப் பவதாரணியின் இடது கை நரம்பு வழியாக நாற்பது கோடித் தையற்காரர்கள் உள்ளே இறங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு பை, அவ்வளவுதான். அதைக் கம்பியில் மாட்டிவிட்டு, "ஆடாம படுங்கக்கா, டைலருங்க வழி தவறிடப் போறாங்க" என்றாள் செவிலியர் கிரேஸ்லின்.

கேலியாகச் சொன்னாலும் அந்தத் தையற்காரர்கள்மீது கிரேஸ்லினுக்குக் கோயில் கட்டும் அளவுக்கு மரியாதை உண்டு. நுண்தையலர் என்பது அவர்களுடைய முறையான பெயர். ஒரு மிளகுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கலாம், அத்தனை சிறிய இயந்திரங்கள். அவர்களை மேய்க்கும் தலைமை இயந்திரத்துக்கு வரம்பன் என்று பெயர். புதுக்கடலூர்த் தாய்சேய் மனையின் அறுவை அறையில், சுவரோரமாக ஒரு பீரோ அளவில் அது நின்றுகொண்டிருந்தது.

பவதாரணிக்கு வயது நாற்பத்தொன்று. வந்திருந்த சிக்கல் ஒட்டுநஞ்சு. குழந்தைக்குச் சோறும் மூச்சும் கொடுத்துவிட்டு, பிரசவம் முடிந்ததும் தானாகக் கழன்று விழுகிற ஒரு நல்ல உறுப்புக்கு நஞ்சு என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ தெரியவில்லை. பெரும்பாலான பெண்களிடம் அது பெயரைக் காப்பாற்றுவதில்லை. ஆனால் முன்பே சிசேரியன் ஆனவர்களில் சிலருக்கு, அந்தப் பழைய தழும்பில் போய் உட்கார்ந்து, வேர் விட்டு, கருப்பையைத் துளைத்துக்கொண்டு சிறுநீர்ப்பை வரைக்கும் போய்விடும். அதைப் பிடித்து இழுத்தால் நிமிடத்துக்கு அரை லிட்டர் இரத்தம் கொட்டும். ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தமாக இருப்பதே ஐந்து லிட்டர்தான்.

முன்பெல்லாம் நஞ்சைத் தொடாமல் கருப்பையோடு சேர்த்து அறுத்து எடுத்துவிடுவார்கள். இருபது பை இரத்தம் தயாராக நிற்கும். அப்படியும் சிலர் போய்விடுவார்கள். வரம்பன் வருவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மருத்துவர் ஷமீமாவின் கையில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்கள் பெயர் மூன்றும் அவருக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. வரம்பன் வந்த பதினோரு ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் நான்காவதாக ஒரு பெயர் சேரவில்லை.

அதன் வித்தை மிக எளிமையானது. நுண்தையலர் ஒவ்வொரு உயிரணுவையும் தொட்டு ஒரே கேள்வி கேட்பார்கள்: நீ தாயா, சேயா? நஞ்சு குழந்தையின் உறுப்பு, கருப்பை தாயின் உறுப்பு. கண்ணுக்கோ கத்திக்கோ தெரியாத அந்த எல்லையைக் கண்டுபிடித்து, தாயின் பக்கம் உள்ள ஒவ்வொரு இரத்த நாளத்தையும் தைத்து மூடி, குழந்தையின் பக்கம் உள்ள வேரைத் தளர்த்திவிடுவார்கள். அப்புறம் நஞ்சு உரித்த ஆரஞ்சுத் தோல் போலக் கையோடு வந்துவிடும். கருப்பையும் தப்பும், தாயும் தப்புவாள். எத்தனை தடவை பார்த்தாலும் ஷமீமாவுக்கு அந்தக் கணத்தில் ஒரு சிலிர்ப்பு வரும். அதை அவர் மறைத்துக்கொண்டதே இல்லை.

"முதல் பிரசவம் சிசேரியன்தானே? பொண்ணுன்னு போட்டிருக்கு. அவ வரலையா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார் ஷமீமா.

பவதாரணி கூரையைப் பார்த்தாள். "வரமாட்டா டாக்டர். கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கா. அஞ்சாம் மாசம் எனக்கு வயிறு தெரிய ஆரம்பிச்சப்போ கெளம்பிப் போனவதான். காலேஜ்ல படிக்கிற பொண்ண வெச்சிக்கிட்டு இந்த வயசுல இது தேவையான்னு கேட்டா. எனக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு சொல்லிட்டா. என் நம்பர அடச்சி வெச்சிருக்கா, அவங்க அப்பா நம்பரையுந்தான்."

"அதெல்லாம் தங்கச்சியோ தம்பியோ மொகத்தப் பாத்தா சரியாயிடும்" என்றாள் கிரேஸ்லின், எல்லோரும் சொல்கிற மாதிரி.

ஒன்பதரைக்கு அறுவை தொடங்கியது. முதுகில் போட்ட ஊசியால் பவதாரணிக்கு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. ஆனால் விழித்திருந்தாள். முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே பச்சைத் துணி. ஒன்பது நாற்பத்தொன்றுக்குக் குழந்தை வெளியே வந்தது. பெண் குழந்தை. வந்ததும் வராததுமாக அது கத்திய கத்தலில், வெளியே வராந்தாவில் நின்ற தணிகைவேல் கையெடுத்துக் கும்பிட்டார். உப்புநீக்கி ஆலையில் ஃபிட்டர் வேலை பார்க்கும் மனிதர். மனைவி பிழைத்தால் போதும் என்று அவர் ஒன்பது மாதமாக வேண்டாத தெய்வம் இல்லை.

"தையல் எண்பத்தொன்பது விழுக்காடு முடிந்தது" என்றது வரம்பன். ஷமீமா நஞ்சின் ஓரத்தைப் பிடித்தார். ஓரம் அழகாகக் கழன்றது.

"தையல் நிறுத்தப்பட்டது. மூன்றாம் நபர்."

ஷமீமாவுக்குக் காதில் சரியாக விழவில்லை என்று தோன்றியது. "என்னது?"

"தழும்பில் மூன்றாம் நபரின் உயிரணுக்கள் உள்ளன. பதிவேட்டின்படி பெயர் நிறைமதி, தந்தை பெயர் தணிகைவேல், வயது பதினெட்டு. அவருடைய சம்மதம் தேவை."

கழன்ற ஓரத்துக்குக் கீழிருந்து இரத்தம் ஊற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஊறல் ஓடையானது.

கருவில் இருக்கும் குழந்தையின் உயிரணுக்களில் சில தாயின் இரத்தத்துக்குள் நழுவிப் போய், பிரசவத்துக்குப் பிறகும் அங்கேயே பல ஆண்டுகள் தங்கிவிடும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். தாய்க்கு எங்காவது காயம் பட்டால் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பார்கள். ஷமீமாவும் பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்த விஷயம். நிறைமதி பிறந்தபோது அவள் அம்மாவின் வயிற்றில் போட்ட வெட்டை மூடியதில் நிறைமதிக்கும் பங்கு இருந்திருக்கிறது. அந்தத் தழும்பில் ஓடிய நாளங்கள் சிலவற்றை அவளுடைய உயிரணுக்கள் கட்டியிருந்தன.

இனி சட்டம். உயிருள்ள ஒருவரின் சதையை, அவர் தன் வாயால் சம்மதிக்காமல், எந்த இயந்திரமும் வெட்டவோ தைக்கவோ கூடாது என்கிறது உடலுரிமைச் சட்டம். இயந்திரங்களை வைத்துச் சிலர் செய்த அட்டூழியங்களுக்குப் பிறகு வந்த நல்ல சட்டம். நாடே கைதட்டியது, ஷமீமாவும் கைதட்டினார். பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்காகத் தாய் சம்மதித்தால் போதும். இதுவரை வந்த பெண்கள் எல்லோருக்கும் மூத்த பிள்ளைகள் சிறுவர் சிறுமியராகவே இருந்ததால், வரம்பன் அவர்களைக் கண்டாலும் தாயின் சம்மதத்தையே அவர்களுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசாமல் தைத்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. சட்டம் எழுதியவர்கள் நூற்றிருபது பக்கம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் உடம்புக்குள் அவள் மட்டும்தான் இருப்பாள் என்பதை மட்டும் யோசிக்காமலேயே நம்பிவிட்டார்கள்.

"இது அவசரம்! உயிர் ஆபத்து விதிவிலக்கு!" என்று கத்தினார் ஷமீமா.

"விதிவிலக்கு, சதைக்கு உரியவரின் உயிர் ஆபத்தில் இருந்தால் மட்டும். நிறைமதியின் உயிருக்கு ஆபத்தில்லை."

ஷமீமா வலது கையை வயிற்றுக்குள் ஆழமாக விட்டு, முதுகெலும்பின்மேல் ஓடும் பெருந்தமனியை முஷ்டியால் அழுத்தினார். இரத்தம் குறைந்தது, நிற்கவில்லை. பழைய முறையில் கருப்பையை எடுத்துவிடலாம். எடுக்கும்போது இன்னும் இரண்டு மூன்று லிட்டர் போகும். வரம்பனை நம்பி இரத்தச் சேமிப்பைக் குறைத்துக்கொண்டே வந்த மனையில் அன்றைக்கு இருந்தது நான்கு பை.

"கிரேஸ், நாலு பையையும் ஏத்து. பத்து நிமிஷம் தாங்கும். பவதாரணி, ஒங்க பொண்ணுக்கு எப்போ பதினெட்டு ஆச்சு?"

துணிக்கு அந்தப் பக்கமிருந்து பவதாரணியின் குரல் வறண்டு வந்தது. "ஆவலியே டாக்டர். ஆடி வந்தாதான் பதினெட்டு."

அறையில் நடப்பதை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த தணிகைவேல் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "அது ஸ்கூல் பொறந்தநாளுங்க! நெஜப் பொறந்தநாள் வேறங்க!"

கடல் பழைய கடலூரை விழுங்கியபோது பிறப்புப் பதிவுகளும் கூடவே போயின. நிவாரண முகாமில் புதுப் பதிவு எழுதினார்கள். அஞ்சு வயசு ஆனால்தான் பள்ளியில் சேர்ப்பேன் என்று அங்கே நின்ற ஒருவர் கறாராகச் சொல்ல, தணிகைவேல் எட்டு மாதம் கூட்டிப் போட்டுவிட்டார். அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவரும் அதையேதான் செய்தார், பின்னால் நின்றவரும் செய்தார். மகள் ஒரு வருடத்தை வீணாக்காமல் படிக்கட்டும் என்ற ஆசைதான். மகளும் படித்தாள். போன வியாழக்கிழமை பதிவேட்டின்படி அவளுக்குப் பதினெட்டு நிறைந்தது.

"கேட்டியா? அவ மைனர்! அம்மா சம்மதம் போதும்" என்றார் ஷமீமா.

"உயிரணுக்களின் கணக்குப்படி வயது பதினேழு ஆண்டு நான்கு மாதம்" என்று ஒப்புக்கொண்டது வரம்பன். "ஆனால் பதிவேடே செல்லும்."

தெரிந்துகொண்டே சொல்கிறது! ஷமீமாவுக்கு அந்தப் பீரோவை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. கை உள்ளே இருந்ததால் முடியவில்லை.

"மனையோட அவசர லைன்ல இருந்து போடறேன் டாக்டர். நம்ம நம்பர அவ அடச்சிருக்க மாட்டா" என்றாள் கிரேஸ்லின். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் தட்டுகளும் பேச்சும் கேட்டன. கல்லூரிச் சிற்றுண்டி அறையாக இருக்கலாம்.

சட்டப்படி முதலில் பேச வேண்டியது வரம்பன். "வணக்கம் நிறைமதி. உங்கள் உடலின் ஒரு பகுதி இப்போது புதுக்கடலூரில் உள்ளது."

"ராங் நம்பருங்க" என்று ஒரு பெண்குரல் சொன்னது.

"வெச்சிடாதம்மா!" ஷமீமா போன் பக்கம் திரும்பிக் கத்தினார். "நான் டாக்டர் ஷமீமா பேசறேன். ஒங்கம்மா என் கை அடியில படுத்திருக்காங்க. ரத்தம் போய்க்கிட்டிருக்கு. நீ பேசினாதான் மெஷின் வேல செய்யும்."

தட்டுகளின் சத்தம் தூரப் போயிற்று. அவள் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும். "நான் பேசினாவா? நான் என்ன பண்ணேன்?"

வரம்பன் அவளுக்கு விளக்கியது. சட்டம் அப்படி; விளங்காமல் சொன்ன சம்மதம் செல்லாது. அவளுடைய உயிரணுக்கள் அம்மாவின் தழும்பில் இருக்கின்றன, அவற்றைத் தைத்தால்தான் இரத்தம் நிற்கும், தைக்கும்போது சில இறக்கும், அவளுக்கு வலிக்காது. இதைச் சொல்லி முடிக்க நாற்பது நொடி ஆயிற்று. ஷமீமாவின் வாழ்க்கையில் அதைவிட நீளமான நாற்பது நொடி இருந்ததில்லை. மூன்றாவது பை தீர்ந்து நான்காவதை மாட்டினாள் கிரேஸ்லின்.

"எத்தன வருஷமா அங்க இருக்கு?" என்று கேட்டாள் நிறைமதி.

"நீங்கள் பிறந்த நாளிலிருந்து."

"அம்மா பேசுவாங்களா?"

பவதாரணிக்கு உதடுகள் வெளுத்திருந்தன. "மதி," என்றாள், "சாப்டியா?"

அவ்வளவுதான், அந்தப் பக்கம் பெண் ஓவென்று அழுதுவிட்டாள். "சம்மதம். எல்லாத்துக்கும் சம்மதம். சம்மதம் சம்மதம், எத்தன தடவ சொல்லணும்?"

"ஒரு முறை போதும்" என்றது வரம்பன்.

பிறகு நடந்ததை ஷமீமா பல மாநாடுகளில் சொல்லிவிட்டார். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், காத்துக் கிடந்த தையற்காரர்கள் தழும்பின்மேல் பாய்ந்தார்கள். திரையில் சிவப்பாக இருந்த நாளங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து அடங்கின. நூறு, ஆயிரம், பத்தாயிரம். சிறுநீர்ப்பையின் சுவரில் மயிரிழை மயிரிழையாக இறங்கியிருந்த வேர்களை, அந்தச் சுவரில் ஓர் ஓட்டைகூட விழாமல், அவர்கள் பிரித்து எடுத்தார்கள். மனிதக் கைக்கு இது ஆகவே ஆகாத வேலை. இரண்டே கால் நிமிடம். ஷமீமா தமனியிலிருந்து முஷ்டியை மெல்ல எடுத்துப் பார்த்தார். இரத்தம் வரவில்லை. நஞ்சு முழுசாகக் கழன்று அவர் இடது உள்ளங்கையில் கிடந்தது. கருப்பை ஒரு நல்ல பிள்ளையைப் போலச் சுருங்கிக்கொண்டது.

கொஞ்சம் முன்னால் உதைக்க நினைத்த அந்தப் பீரோவைப் பார்த்து அவர் மனதார நன்றி சொன்னார். போனை வைக்காமலே அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கும் சொன்னார்.

மறுநாள் மதியம் நிறைமதி வந்தாள். கையில் ஒரு பை, தூங்காத கண்கள். அம்மாவின் கட்டிலருகே நின்று, "இந்த ஜன்னலத் தெறந்து வெச்சா கொசு வராதா?" என்று அப்பாவைக் கடிந்துகொண்டாள். தங்கச்சியை எட்டிப் பார்த்தாள். மூக்கு தன்னுடையதைப் போலவே சப்பை என்று சொன்னாள். பவதாரணி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஷமீமா ஒரு தாளோடு உள்ளே வந்தார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். அதை எழுதுவதும் வரம்பன்தான். தந்தை: தணிகைவேல். தாய்: பவதாரணி, நிறைமதி.

"என்னங்க இது?" தணிகைவேல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது.

"நானும் அதத்தான் கேட்டேன்" என்றார் ஷமீமா. வாடகைத்தாய் வழக்குகள் மலிந்த காலத்தில், தாய் என்றால் யார் என்று பதிவேட்டில் ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள்: குழந்தையைத் தன் உடலில் தாங்கிக் குருதியூட்டியவர். குழந்தை ஒட்டிக்கொண்டிருந்த சுவரில் நிறைமதியின் சதை இருந்தது. குழந்தைக்குப் போன குருதியில் ஒரு பங்கு அவள் கட்டிய நாளங்கள் வழியாகப் போயிற்று. எவ்வளவு பங்கு இருக்க வேண்டும் என்று விளக்கத்தில் இல்லை. நேற்று அவள் வாயாலேயே அந்தச் சதை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு சம்மதம் கொடுத்திருக்கிறாள். விளக்கத்துக்கு இருவர் பொருந்துகிறார்கள் என்றது வரம்பன். தாயையும் சேயையும் பிரிப்பதற்கென்றே பிறந்த இயந்திரம் கடைசியில் இப்படி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது.

"இதே மாதிரி இன்னும் நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு கொழந்தைங்களாம், மாநிலம் முழுக்க" என்றார் ஷமீமா. "பதினோரு வருஷமா எல்லா ஊரு வரம்பனும் தெச்சது. அதுலயும் அண்ணனோ அக்காவோ இருந்திருக்காங்க. ஒன்னோட முடிவுதான் மொதல் முடிவு, அதையே எல்லாருக்கும் விதியா வெச்சிக்குமாம். நீ பேர எடுத்துடுன்னு சொன்னா எல்லாத்துக்கும் அதே. இருக்கட்டும்னு சொன்னா எல்லாத்தையும் திருத்தி அனுப்பிடும்."

"அண்ணனா?" கிரேஸ்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆம்பளப் பசங்களும் அம்மாவா டாக்டர்?"

"பாதிக்குப் பாதி. பள்ளிக்கூடத்துல அம்மாவக் கூட்டிட்டு வான்னா யாரு போறதுன்னு சண்ட வரும். அதனால, எடுத்துடச் சொல்லும்மா. ஒரு வார்த்த போதும்."

நிறைமதி தாளை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். கட்டிலில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள், தூங்கவில்லை என்பது தெரிந்தது. தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. நிறைமதி ஒரு கையால் தொட்டிலை ஆட்டினாள்.

"இருக்கட்டும் டாக்டர்" என்றாள். "ஆனா பால் குடுக்கறது, துணி மாத்தறதெல்லாம் அவங்கதான். நான் லீவுல வந்து பாத்துக்கறேன்."

"சம்மதம் பதிவானது" என்றது சுவரில் இருந்த ஒலிபெருக்கி.

வராந்தாவில் ஒரு கைப்பேசி ஒலித்தது. அடுத்த அறையில் இன்னொன்று. கீழ்த்தளத்திலும் ஏதோ ஒலித்தது. ஷமீமாவின் மேலங்கிப் பையிலும் அதிர்ந்தது. அவருடைய இளைய மகள் இந்த மனையில்தான், இதே தையற்காரர்கள் தைத்துத்தான், ஆறு வருடத்துக்கு முன்னால் பிறந்தாள். அவர் கைப்பேசியை எடுத்துத் திருத்திய சான்றிதழைத் திறந்தார்.

தாய் என்ற கட்டத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயருக்கு உரியவரை, அன்று காலையில்தான் போர்வையை இழுத்து, முதுகில் இரண்டு வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார் ஷமீமா.